ஏழு மாதம் நின்றுபோன மாருதி 800: எதையும் மாற்றும் முன் எங்கே பார்ப்பது?

உங்கள் கேள்வியைச் சுருக்கிக்கொள்கிறேன். 1996-ஆம் ஆண்டு மாருதி 800, கார்புரேட்டர் வண்டி. அப்பா ஓட்டியது. அவர் ஓட்டுவதை நிறுத்தியபின் ஏழு மாதமாகக் கொட்டகையில் நிற்கிறது. சாவியைத் திருப்பினால் ‘டிக் டிக் டிக்’ என்று சத்தம் வருகிறது, அதற்கு மேல் ஒன்றும் இல்லை. வந்து பார்த்த மெக்கானிக் பேட்டரி, என்ஜினை முதலில் சுற்றிவிடும் செல்ஃப் மோட்டார், பெட்ரோலையும் காற்றையும் கலந்து தரும் கார்புரேட்டர் ஆகிய மூன்றையும் மாற்றச் சொல்லியிருக்கிறார். மாற்றலாமா என்று கேட்கிறீர்கள்.

இப்போதைக்கு ஒன்றையும் மாற்ற வேண்டாம். பேட்டரி போயிருக்க நல்ல வாய்ப்பு உண்டு, அதை ஒப்புக்கொள்கிறேன். செல்ஃப் மோட்டார் சந்தேகத்துக்குரியது. ஆனால் என்ஜின் ஒரு சுற்றுகூடச் சுற்றாத நிலையில் கார்புரேட்டர் கெட்டுவிட்டது என்று அவர் எப்படிக் கண்டுபிடித்தார் என்பதுதான் எனக்கு விளங்கவில்லை.

‘வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை’ என்பதில் இரண்டு தனித்தனி நோய்கள் இருக்கின்றன. ஒன்று, செல்ஃப் எடுக்காமல் என்ஜின் சுற்றாமலேயே இருப்பது. மற்றது, என்ஜின் நன்றாகச் சுற்றியும் பிடிக்காமல் இருப்பது. முதலாவதில் பெட்ரோல், பிளக், கார்புரேட்டர் எதற்கும் வேலை இல்லை. பேட்டரி, கேபிள், சாவி ஸ்விட்ச், செல்ஃப் மோட்டார் இவ்வளவுதான் வட்டம். உங்கள் வண்டி இப்போது முதல் நோயில் இருக்கிறது. அது தீர்ந்த பிறகு இரண்டாவது வரக்கூடும், ஏழு மாதம் நின்ற வண்டி என்பதால் பெரும்பாலும் வரும். அதை அப்போது பார்த்துக்கொள்ளலாம்.

சத்தத்தை வைத்தே பாதி சொல்லிவிடலாம். வேகமாக, விடாமல் ‘டிக் டிக் டிக்’ என்று அடிப்பது சோலினாய்டு (பேட்டரி கரண்ட்டை செல்ஃப் மோட்டாரோடு சேர்த்துவிடும் காந்த ஸ்விட்ச்) இழுத்து இழுத்து விடும் சத்தம். சாவியைத் திருப்பியதும் சோலினாய்டு ஈர்க்கிறது, மோட்டார் பெரிய கரண்ட்டைக் கேட்கிறது, வோல்டேஜ் விழுகிறது, சோலினாய்டுக்குப் பிடித்து நிற்கத் தெம்பில்லாமல் விடுகிறது, விட்டதும் வோல்டேஜ் ஏறுகிறது, திரும்பவும் இழுக்கிறது. ஆக, சாவி ஸ்விட்சும் சோலினாய்டின் சுருளும் ஓரளவு நன்றாகவே இருக்கின்றன என்பதை உங்கள் வண்டி தானே சொல்லிவிட்டது. குறை கரண்ட் வந்து சேர்வதில் இருக்கிறது. கனமாக ஒரே ஒரு ‘டக்’ கேட்டு அடங்கிவிட்டால் சோலினாய்டின் உள்தொடுகை, கார்பன் பிரஷ், அல்லது என்ஜினே இறுகிப்போனது என்று வேறு பக்கம் யோசிக்க வேண்டும். சத்தமே இல்லை என்றால் சாவி ஸ்விட்ச், சோலினாய்டுக்குப் போகும் சின்ன ஒயர், அல்லது முழுதாகச் செத்த பேட்டரி.

ஹெட்லைட்டைப் போட்டுவிட்டுச் சாவியைத் திருப்பிப் பாருங்கள். இருட்டிய பிறகு, எதிரே சுவர் இருக்கும்படி நிறுத்திச் செய்தால் நன்றாகத் தெரியும். வெளிச்சம் முற்றிலும் அணைந்துபோனால் பேட்டரி காலி, அல்லது டெர்மினலில் பிடிப்பு இல்லை. வெளிச்சம் கொஞ்சமும் குறையாமல் நின்றால் கரண்ட் மோட்டாருக்குப் போகவே இல்லை. பாதிக்கு மங்கி, ஆனால் மோட்டார் அசையாவிட்டால் மோட்டாரோ என்ஜினோ சிக்கியிருக்கிறது.

அடுத்து, வோல்ட்டும் ஆம்பியரும் அளக்கும் மல்டிமீட்டர் ஒன்று வாங்குங்கள். மெக்கானிக் சொன்ன மூன்று பாகங்களில் எதன் விலையோடு ஒப்பிட்டாலும் அது மிகச் சிறிய செலவு. பழைய வண்டி வைத்திருப்பவர் வீட்டில் ஸ்பேனர் செட்டுக்கு முன்பே இருக்க வேண்டியது அது என்பது என் கட்சி.

வண்டி சில மணி நேரம் சும்மா நின்ற பிறகு, பேட்டரியின் இரண்டு ஈய முனைகளில் நேராக வைத்து அளந்து பாருங்கள். மேலே மாட்டியிருக்கும் கிளாம்பில் வைக்கக் கூடாது. காரணம் பின்னால் வருகிறது. 12.6 வோல்ட் இருந்தால் பேட்டரி முழுதாக நிரம்பியிருக்கிறது. 12.4 என்றால் முக்கால், 12.2 என்றால் பாதி. 12-க்குக் கீழே போயிருந்தால் காலி என்றே வைத்துக்கொள்ளலாம். ஏழு மாதம் நின்ற வண்டியில் 10 அல்லது 11 காட்டினாலும் வியப்பில்லை. தண்ணீர் ஊற்றும் வகைப் பேட்டரியாக இருந்தால் மூடிகளைத் திறந்து பாருங்கள். தகடுகள் வெளியே தெரிந்தால் மூழ்கும் அளவுக்கு மட்டும் டிஸ்டில்ட் வாட்டர் விட்டு, 35 ஆம்பியர்-மணிப் பேட்டரி என்றால் 3 ஆம்பியர் அளவில் மெதுவாக இரவு முழுதும் சார்ஜ் செய்யுங்கள். காற்றோட்டமான இடம் வேண்டும். சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வெளிவரும், பக்கத்தில் பீடியோ விளக்கோ கூடாது. சார்ஜரைக் கழற்றி இன்னோர் இரவு சும்மா விட்டு, மறுநாள் காலை மறுபடி அளந்து பாருங்கள். 12.4-க்கு மேல் நின்றால் இன்னும் உயிர் இருக்கிறது. ஒரே இரவில் 12-க்கு இறங்கிவிட்டால் தகடுகளில் சல்பேட் படிந்துவிட்டது. அந்தப் பேட்டரிக்காக வருத்தப்பட்டுப் பயனில்லை. அமிலத்தின் அடர்த்தியைக் காட்டும் ஹைட்ரோமீட்டர் கையில் இருந்தால் ஆறு அறைகளையும் தனித்தனியே பாருங்கள். ஐந்து ஒரே மாதிரி இருந்து ஒன்று மட்டும் மிகவும் தாழ்ந்து நின்றால் அந்த அறை போய்விட்டது, அதனோடு பேட்டரியும் போய்விட்டது.

கடைசிச் சோதனை பளுவோடு செய்வது. பிளக்குகளுக்குப் பொறி தரும் காயிலின் பாசிடிவ் ஒயரைக் கழற்றிவிட்டால் என்ஜின் பிடிக்காது; கியர் நியூட்ரலில், ஹேண்ட்பிரேக் போட்ட நிலையில் ஒருவர் சாவியைத் திருப்ப, நீங்கள் பேட்டரி முனையில் மீட்டரைப் பார்க்க வேண்டும். செல்ஃப் அடிக்கும்போது 9.6-க்கு மேல் நின்றால் பேட்டரியைக் குற்றம் சொல்ல முடியாது. 12.6 காட்டிய பேட்டரி, பளு ஏறியதும் 7-க்கு விழுவதும் உண்டு. கடையில் மீட்டர் வைத்து ‘பேட்டரி நல்லா இருக்கு சார்’ என்று திருப்பி அனுப்பும் பல பேட்டரிகளின் கதை இதுதான்.

பழைய வண்டியில் பெரிய பாகங்கள் சாவதைவிட அவற்றைச் சேர்க்கும் முனைகள் கெடுவது மிக அதிகம். இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம் கணக்கு. செல்ஃப் மோட்டார் என்ஜினைச் சுற்ற நூறு ஆம்பியருக்கும் மேலே கேட்கும். டெர்மினலுக்கும் கிளாம்புக்கும் நடுவே படிந்த வெள்ளைப் பூப்பு வெறும் 0.02 ஓம் தடையைத்தான் உண்டாக்குகிறது என்று வையுங்கள். நூறு ஆம்பியர் அதன் வழியே போகும்போது இரண்டு வோல்ட் அங்கேயே சூடாகக் கரைந்துவிடும். ஹெட்லைட்டுக்கும் ஹாரனுக்கும் தேவைப்படுவது பத்துப் பன்னிரண்டு ஆம்பியருக்குள். அதே தடையில் அவை இழப்பது கால் வோல்ட்கூட இல்லை. அதனால்தான் ‘லைட் பளிச்சென்று எரிகிறது, ஹாரன் அடிக்கிறது, அப்படியானால் பேட்டரி நன்றாக இருக்கிறது, செல்ஃப்தான் போய்விட்டது’ என்ற முடிவுக்கு வருகிறார்கள். நல்ல செல்ஃப் மோட்டார்கள் பல இந்தத் தவறான தர்க்கத்தால் பழைய இரும்புக் கடைக்குப் போயிருக்கின்றன.

அளந்து பார்ப்பது எளிது. மீட்டரின் ஒரு முனையை பேட்டரியின் பாசிடிவ் ஈயத்திலும், மறுமுனையை செல்ஃப் சோலினாய்டில் தடித்த கேபிள் வந்து சேரும் போல்ட்டிலும் வைத்துச் சாவியைத் திருப்பச் சொல்லுங்கள். கேபிள் சரியாக இருந்தால் மீட்டர் அரை வோல்ட்டுக்குள் காட்டும். ஒன்றரை, இரண்டு என்று காட்டினால் திருடன் அந்த வழியில்தான் இருக்கிறான். ஈயத்துக்கும் கிளாம்புக்கும் நடுவே ஒரு முறை, கிளாம்புக்கும் கேபிளுக்கும் நடுவே ஒரு முறை என்று நெருக்கிக்கொண்டே போனால் இடம் தெரிந்துவிடும். பேட்டரி வோல்டேஜை ஈயத்தில் வைத்துப் பார்க்கச் சொன்னது இதனால்தான். கிளாம்பில் வைத்தால் இரண்டுக்கும் நடுவே உள்ள குறை தெரியாது.

அடுத்து நெகடிவ் பக்கம். இதைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள். பேட்டரியின் நெகடிவ் ஈயத்தில் ஒரு முனையும், செல்ஃப் மோட்டாரின் வெறும் உலோக உடம்பில் மறுமுனையும் வைத்துச் செல்ஃப் அடித்தால் 0.2 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். மாருதி 800-இன் என்ஜின் ரப்பர் மவுண்டிங்குகளில் உட்கார்ந்திருக்கிறது. ரப்பர் வழியே கரண்ட் திரும்பாது. என்ஜினையும் கியர்பாக்ஸையும் பேட்டரியோடும் பாடியோடும் சேர்க்கும் எர்த் கேபிள் ஒன்றுதான் வழி. அது போல்ட் செய்யப்பட்ட இடம் மண்ணும் ஆயிலும் துருவும் சேர்ந்து மூடிக் கிடக்கும். அந்த வழி அடைபட்டால் கரண்ட் வேறு உலோகத்தைத் தேடிக்கொள்ளும்: ஆக்சிலரேட்டர் கேபிள், சோக் கேபிள். செல்ஃப் அடித்த கையோடு அந்தக் கேபிள்களைத் தொட்டுப் பாருங்கள். சுட்டால் எர்த் இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிடலாம்.

துப்புரவு வேலை அரை மணி நேரம். 10-ஆம் எண் ஸ்பேனர் கொண்டு முதலில் நெகடிவைக் கழற்ற வேண்டும், மாட்டும்போது அதைக் கடைசியில் மாட்ட வேண்டும். பாசிடிவைக் கழற்றும்போது ஸ்பேனர் பாடியில் பட்டால் வாணவேடிக்கைதான். பூப்பின்மேல் ஆப்ப சோடா கரைத்த வெந்நீரை ஊற்றினால் நுரைத்துக் கரைந்துவிடும். மூடி வழியே உள்ளே போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். காய்ந்தபின் ஈயத்தையும் கிளாம்பின் உட்புறத்தையும் உப்புத்தாளால் தேய்த்தால் பளபளப்பு வரும். எர்த் போல்ட்டைக் கழற்றி அது உட்காரும் இடத்தையும் அப்படியே தேயுங்கள். இறுக்கிய பிறகு மேலே வாசலின் தடவலாம். கேபிளின் மேலுறை கிளாம்புக்குப் பக்கத்தில் உப்பியிருந்தால் வெட்டிப் பாருங்கள். உள்ளே செம்பு பச்சைப் பொடியாகியிருக்கும். அப்படிப்பட்ட கேபிளைத் தேய்த்துப் பயனில்லை, புதிதாகப் போட்டுவிடுங்கள்.

இத்தனைக்குப் பிறகும் கனமாக ஒரு ‘டக்’ மட்டும் வந்தால்தான் செல்ஃப் மோட்டார் மீது கை வைக்க வேண்டும். ஒருவர் சாவியைத் திருப்பிப் பிடித்திருக்க, மோட்டார் உடம்பில் சுத்தியல் காம்பால் லேசாக இரண்டு தட்டு தட்டினால் எடுத்துக்கொள்கிறதா? அப்படியானால் கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கிறது. பிரஷ்ஷும் புஷ்ஷும் மாற்றினால் மோட்டார் இன்னும் பல ஆண்டுகள் ஓடும். ஆட்டோ எலக்ட்ரீஷியன் ஒருவரே போதும், முழு மோட்டார் தேவையில்லை. சத்தமே வராத வண்டியில் சோலினாய்டின் சின்ன ஒயரில் சாவியைத் திருப்பும்போது வோல்டேஜ் பாருங்கள். அங்கே 9-க்கும் குறைவாக வந்தால் சாவி ஸ்விட்ச் தேய்ந்துவிட்டது என்று பொருள். நடுவே ஒரு ரிலே போட்டுக்கொடுப்பது இதற்கு நல்ல, மலிவான தீர்வு.

வேறு வண்டியிலிருந்து கேபிள் போட்டு ஸ்டார்ட் செய்து பார்ப்பதானால், பாசிடிவோடு பாசிடிவ் சேர்த்த பிறகு நெகடிவின் கடைசி முனையை உங்கள் பேட்டரியில் மாட்டாமல், தள்ளி இருக்கும் என்ஜின் உலோகத்தில் மாட்டுங்கள். கடைசி இணைப்பில்தான் பொறி பறக்கும். பேட்டரி பக்கத்தில் அது வேண்டாம்.

ஆனால் முதல் தடவை என்ஜினைச் சுற்றுவதற்கு முன்பு செய்ய வேண்டியவை சில இருக்கின்றன. பானட்டைத் திறந்து எலியின் வேலையைப் பாருங்கள். நின்ற வண்டியின் ஏர் கிளீனர் டப்பாவுக்குள் பஞ்சும் வைக்கோலும் கொண்டுவந்து குடும்பம் நடத்துவது அவற்றுக்கு மிகவும் பிடிக்கும். பிளக் ஒயரையும் பெட்ரோல் ரப்பர் குழாயையும் கடித்திருக்கலாம். டிப்ஸ்டிக்கை இழுத்து ஆயில் அளவு பாருங்கள், முகர்ந்தும் பாருங்கள். பெட்ரோல் வாடை தூக்கலாக அடித்தால் பெட்ரோல் பம்ப்பின் உள்ளே இருக்கும் சவ்வான டயாபிரம் கிழிந்து பெட்ரோல் ஆயிலில் இறங்கியிருக்கிறது. அதோடு ஓட்டக் கூடாது. மூன்று பிளக்குகளையும் கழற்றி ஒவ்வொரு துளையிலும் ஒரு தேக்கரண்டி என்ஜின் ஆயில் விட்டு ஓர் இரவு விடுங்கள். மறுநாள் பிளக் இல்லாமலேயே நான்காவது கியரில் போட்டு வண்டியை மெல்லத் தள்ளினால் என்ஜின் சுற்ற வேண்டும். சுற்றினால் பிஸ்டன்கள் ஒட்டிக்கொள்ளவில்லை. பிறகு நியூட்ரலில், பிளக் இல்லாமல், சில நொடி செல்ஃப் அடித்தால் ஆயில் மேலே ஏறிவிடும்.

வண்டி நின்ற இடத்தில் வெள்ளம் ஏறியிருந்தால் இது இன்னும் முக்கியம். 2015 டிசம்பரில் சென்னையில் தண்ணீர் வடிந்ததும் சாவியைத் திருப்பிப் பார்த்தவர்கள் பலர் என்ஜினை அந்த நொடியில்தான் இழந்தார்கள். சிலிண்டருக்குள் இருக்கும் தண்ணீரைப் பிஸ்டனால் அழுத்த முடியாது. கனெக்டிங் ராட் வளைந்துவிடும். பிளக்கைக் கழற்றிய பிறகு சுற்றியிருந்தால் தண்ணீர் துளை வழியே பீய்ச்சிக்கொண்டு வெளியே போயிருக்கும், அவ்வளவுதான்.

இப்போது செல்ஃப் எடுக்கிறது, என்ஜின் நன்றாகச் சுற்றுகிறது, ஆனால் பிடிக்கவில்லை என்று வைத்துக்கொள்வோம். முதலில் சுற்றும் சத்தத்தைக் கேளுங்கள். வழக்கமான ‘ர்ர்-ர்ர்-ர்ர்’ ஏற்ற இறக்கம் இல்லாமல், தடையே இல்லாததுபோல வேகமாக ‘விர்ர்ர்’ என்று சுற்றினால் டைமிங் பெல்ட் அறுந்திருக்கலாம். இந்த என்ஜினில், பிளக்குகளுக்குப் பொறியைப் பங்கிடும் டிஸ்டிரிபியூட்டர், அந்தப் பெல்ட் சுற்றிவிடும் கேம்ஷாஃப்டின் முனையிலிருந்து சுற்றுகிறது. டிஸ்டிரிபியூட்டர் மூடியைக் கழற்றிவிட்டுச் செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். உள்ளே இருக்கும் ரோட்டார் சுற்றினால் பெல்ட் அறுபடவில்லை. அசையாமல் நின்றால் மேலே படிக்க வேண்டாம், பெல்ட்டைப் பாருங்கள். எப்போது மாற்றியது என்று அப்பாவிடம் கேளுங்கள். அவருக்கும் நினைவில்லை என்றால் வண்டி ஓடினாலும் பெல்ட்டை மாற்றிவிடுங்கள்.

அடுத்தது பொறி. பிளக்கைக் கழற்றி அதன் ஒயரில் மாட்டி, ரப்பர் பிடி போட்ட கொறடால் பிடித்து, பிளக்கின் மரையை என்ஜின் உலோகத்தில் அழுத்திவைத்துச் செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். கார்புரேட்டரிலிருந்தும் திறந்த பிளக் துளையிலிருந்தும் தள்ளி வைக்க வேண்டும், பெட்ரோல் ஆவி பற்றிக்கொள்ளும். நீல நிறத்தில், ‘சட் சட்’ என்று காதில் விழும்படி பொறி தாவினால் நல்லது. மெலிந்த, ஆரஞ்சு நிறப் பொறி வெளியே தெரிந்தாலும் சிலிண்டருக்குள் அழுத்தத்தில் அணைந்துபோகும்.

பொறி பலவீனமாகவோ இல்லாமலோ இருந்தால், பாயின்ட் (காயிலுக்குப் போகும் கரண்ட்டைச் சேர்த்துத் துண்டிக்கும் தொடுமுனை) வைத்த டிஸ்டிரிபியூட்டராக இருக்கும்பட்சத்தில் பத்தில் எட்டு முறை குறை அங்கேதான் என்பது என் அனுபவம். ஈரக் காற்றில் ஏழு மாதம் சும்மா இருந்த பாயின்ட்டின் முகத்தில் மெல்லிய ஆக்சைடு படலம் படிந்துவிடும். பார்த்தால் சுத்தமாகத்தான் தெரியும், பன்னிரண்டு வோல்ட் அதைக் கடக்காது. மெல்லிய உப்புத்தாளை மடித்து நடுவே செருகி இரண்டு இழுப்பு, பிறகு பெட்ரோலில் நனைத்த காகிதத்தால் ஒரு துடைப்பு. இதற்குமேல் ஒன்றும் செய்யாமல் ஓடத் தொடங்கிய வண்டிகள் ஏராளம். ஒரு முகத்தில் குழியும் எதிர் முகத்தில் மேடும் விழுந்திருந்தால் கண்டென்சரோடு சேர்த்துப் பாயின்ட்டையும் மாற்றுங்கள், இரண்டும் சில்லறைக் காசு. இடைவெளி 0.4 முதல் 0.5 மில்லிமீட்டர்; இடைவெளி அளக்கும் மெல்லிய தகடான ஃபீலர் கேஜ் கொண்டுதான் வைக்க வேண்டும். கண் அளவில் வைப்பேன் என்பவரிடம் வண்டியைக் கொடுக்காதீர்கள். பிளக் இடைவெளி 0.7 முதல் 0.8 மில்லிமீட்டர். பிளக் ஒயர்களைக் கழற்றினால் அடையாளம் வைத்துக் கழற்றுங்கள். இந்த மூன்று சிலிண்டர் என்ஜின் வெடிக்கும் வரிசை 1-3-2, இரண்டு ஒயர் இடம் மாறினாலே கார்புரேட்டர் வழியே ‘டப்’ என்று திருப்பி அடிக்கும். டிஸ்டிரிபியூட்டர் மூடியின் உள்ளே பென்சில் கோடு போல மெல்லிய கறுப்புத் தடம் தெரிந்தால் அது விரிசல்; கரண்ட் அதன் வழியே ஒழுகிவிடும்.

சோதனை நடுவே டீ குடிக்கப் போகும்போது சாவியை அணைத்துவிட்டுப் போங்கள். பாயின்ட் மூடிய நிலையில் என்ஜின் நின்றிருந்தால் காயில் வழியே கரண்ட் போய்க்கொண்டே இருக்கும், காயில் வெந்துவிடும்.

பொறி நன்றாக இருந்தால் மீதி பெட்ரோல். ஏழு மாதப் பழைய பெட்ரோலில் எளிதில் ஆவியாகும் பகுதி பறந்துபோய், எஞ்சியது வார்னிஷ் வாடை அடிக்கும். இதோடு இப்போது எத்தனாலும் சேர்ந்துகொண்டது. உங்கள் வண்டி வந்த 1996-இல் நம் பெட்ரோல் பங்க்குகளில் எத்தனால் கலப்பு கிடையாது. 2025-இல் 20 சதவீதம் கலந்த பெட்ரோல் நாடெங்கும் வந்துவிட்டது. எத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். ஈரம் ஓர் அளவைத் தாண்டினால் தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து தனியே பிரிந்து டாங்கியின் அடியில் தங்கும். பெட்ரோல் குழாய் உறிஞ்சுவதும் அடியிலிருந்துதான். கண்ணாடிப் பாட்டிலில் கொஞ்சம் பிடித்துக் கால் மணி நேரம் வைத்துப் பாருங்கள். இரண்டு அடுக்காகப் பிரிந்து நின்றால் டாங்கியை முழுதாக வடித்துவிட வேண்டும். அந்தக் காலத்து ரப்பர் குழாய்களும் டயாபிரமும் எத்தனாலை எண்ணிச் செய்யப்பட்டவை அல்ல. இறுகியோ உப்பியோ இருந்தால் எத்தனால் தாங்கும் குழாயாகப் பார்த்து மாற்றுங்கள். பெட்ரோல் ஒழுக்கு உயிரோடு விளையாடும் குறை.

கார்புரேட்டருக்குப் பெட்ரோல் வந்திருக்கிறதா என்று பார்க்க எதையும் கழற்ற வேண்டாம். ஏர் கிளீனர் மூடியை எடுத்துவிட்டு, சாவி அணைந்த நிலையில், டார்ச் அடித்துக் கார்புரேட்டரின் வாய்க்குள் பார்த்தபடி ஆக்சிலரேட்டர் நெம்புகோலைக் கையால் சட்டென்று இழுங்கள். ஊசி முனையிலிருந்து பெட்ரோல் மெல்லிய தாரையாகப் பீய்ச்ச வேண்டும். பீய்ச்சினால், கார்புரேட்டருக்குள் பெட்ரோல் தங்கும் புளோட் அறையில் பெட்ரோல் இருக்கிறது. பெரும்பாலான மாருதி கார்புரேட்டர்களில் புளோட் அறைக்கு ஒரு சிறு கண்ணாடிச் சாளரமும் உண்டு. பெட்ரோல் மட்டம் அதன் நடுவே தெரிய வேண்டும். ஒன்றும் இல்லை என்றால் பம்ப்பிலிருந்து வெளியே வரும் குழாயைக் கழற்றிப் பாட்டிலுக்குள் விட்டு, காயில் ஒயரையும் கழற்றிவைத்து, செல்ஃப் அடித்துப் பாருங்கள். விட்டுவிட்டு, துள்ளித் துள்ளிப் பெட்ரோல் வர வேண்டும். வராவிட்டால் உடனே பம்ப்பைப் பழிக்காதீர்கள். முதலில் ஃபில்டர், பிறகு டாங்கியிலிருந்து வரும் ரப்பர் குழாயில் வெடிப்பு. காற்றை உறிஞ்சும் பம்ப் பெட்ரோலை உறிஞ்சாது.

பம்ப் தருகிறது, ஆனால் தாரை வரவில்லை என்றால் புளோட் ஊசி வால்வு பசைபோல் ஒட்டியிருக்கலாம், பெட்ரோல் போகும் நுண்துளையான ஜெட்டில் பசை அடைத்திருக்கலாம். கார்புரேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்து, பழுதுபார்ப்பு கிட்டில் வரும் கேஸ்கெட்டுகளை மாற்றினால் போதும். ஜெட்டுக்குள் கம்பியை விடுபவரைக் கண்டால் தடுத்துவிடுங்கள். துளை ஒரு நூலளவு பெரிதானாலும் மைலேஜ் போய்விடும். காற்று அடித்தால் போதும். புதுக் கார்புரேட்டர் என்று பெட்டியில் வருவதில் பல தரம் குறைந்தவை. பழைய அசல் கார்புரேட்டரின் உடம்பு வளையாமல் இருந்தால் அதையே வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம். இந்த 796 சிசி என்ஜின் ஆம்னியிலும் 2019 வரை வந்தது என்பதால் என்ஜின் பாகங்களுக்குப் பஞ்சமில்லை.

ஸ்டார்ட் செய்யும் முறையும் பலருக்கு மறந்துவிட்டது. குளிர்ந்த என்ஜினுக்குச் சோக்கை முழுதாக இழுத்து, ஆக்சிலரேட்டரை ஒன்றிரண்டு முறை மிதித்துவிட்டு, காலை எடுத்துச் செல்ஃப் அடிக்க வேண்டும். பத்து நொடிக்குமேல் தொடர்ந்து அடிக்காதீர்கள், நடுவே அரை நிமிடமாவது மோட்டாருக்கு ஓய்வு கொடுங்கள். விடாமல் மிதித்து மிதித்துப் பெட்ரோல் வாடை மூக்கைத் துளைத்தால் ஓவர்ஃப்ளோ ஆகிவிட்டது. அப்போது சோக்கை உள்ளே தள்ளிவிட்டு, ஆக்சிலரேட்டரைத் தரையோடு அழுத்தி அப்படியே பிடித்துக்கொண்டு செல்ஃப் அடித்தால் உள்ளே போகும் காற்று அதிகப் பெட்ரோலைத் துடைத்துவிடும். அந்த நேரத்தில் மிதித்து மிதித்து விட்டால் மறுபடி ஊற்றுவதுதான் நடக்கும்.

இதைப் படிக்கும் மற்றவர்களிடம் 2000-க்குப் பிந்தைய எம்.பி.எஃப்.ஐ. வண்டி (கார்புரேட்டர் இல்லாமல் பெட்ரோலை ஊசிபோல் பீய்ச்சும் வகை) இருந்தால் முதல் பாதி அப்படியே பொருந்தும், பின்பாதி பொருந்தாது. அதில் சாவியை ஆன் செய்ததும் பின் இருக்கைப் பக்கம் இரண்டு மூன்று நொடி பம்ப் முனகும் சத்தம் கேட்க வேண்டும். கேட்காவிட்டால் ஃபியூஸும் ரிலேயும் முதலில்.

உங்கள் வண்டி பிடித்துக்கொண்டது என்றால் உடனே தெருவுக்கு எடுக்காதீர்கள். ஓடும்போது பேட்டரியில் அளந்தால் 13.8-க்கும் 14.4-க்கும் நடுவே காட்ட வேண்டும், இல்லாவிட்டால் ஆல்டர்னேட்டர் சார்ஜ் செய்யவில்லை. நிறுத்திய மறுநாள் பேட்டரி மீண்டும் காலியானால், நெகடிவ் கேபிளைக் கழற்றி மீட்டரை ஆம்பியரில் வைத்து நடுவே சேர்த்துப் பாருங்கள், செல்ஃப் மட்டும் அடித்துவிடாதீர்கள். 50 மில்லிஆம்பியருக்கு மேல் போனால் ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கி எது குடிக்கிறது என்று கண்டுபிடிக்கலாம். பின்னாளில் மாட்டிய ஸ்டீரியோவாகத்தான் பெரும்பாலும் இருக்கும். பிறகு பிரேக். ஏழு மாதம் ஹேண்ட்பிரேக் போட்டபடி நின்றிருந்தால் பின்சக்கர ஷூ டிரம்மோடு ஒட்டியிருக்கும். மெல்ல முன்னும் பின்னும் நகர்த்தி விடுவியுங்கள். பெடலை மிதித்துப் பிடித்தால் மெதுவாகக் கீழே இறங்குகிறதா, சக்கரங்களின் உட்புறம் ஈரம் தெரிகிறதா என்று பார்த்துவிட்டு, காம்பவுண்டுக்குள்ளேயே நாலைந்து முறை நிறுத்திப் பார்த்த பிறகு கேட்டைத் திறங்கள். செல்ஃப் அடிக்கும்போது பேட்டரியில் எத்தனை வோல்ட், பாசிடிவ் பக்கம் எத்தனை இழப்பு, எர்த் பக்கம் எத்தனை இழப்பு என்ற மூன்று எண்களை எழுதுங்கள். செல்ஃப் மோட்டாரைக் கழற்ற வேண்டுமா என்பதை அதன்பின் சொல்கிறேன்.